ஒரு மொழி இழந்த ‘நீ’

எதிரே நிற்பவரை எவ்வாறு விளிப்பது என்பது சிறிய செய்தி போல் தோன்றும். எனினும் ஒரு சமுதாயம் உயர்வு தாழ்வையும் உறவையும் எங்ஙனம் அளந்தது என்பதை அச்சிறு சொல்லே காட்டிவிடும். தமிழில் நீ, நீர், நீங்கள் என்கிறோம். இந்தி வழங்கும் ஊர்களில் வாழும் நம்மவர் தூ, தும், ஆப் ஆகியவற்றின் வேறுபாட்டையும் நன்கறிவர். நெதர்லாந்து நாட்டினரின் டச்சு மொழியோ தன் பழைய ‘நீ’யை இழந்து, ‘நீங்கள்’ என்பதையே ‘நீ’யாக்கிக்கொண்ட மொழி.

இடைக்கால டச்சில் ஒருவரை ‘டூ’ என்றும், பலரை ‘கீ’ என்றும் விளித்தனர். பின்னர், பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி, உயர்ந்தோர் ஒருவரையும் பன்மையால் ‘கீ’ என்னும் முறை பரவியது. மேலோர்க்கு வழங்கிய மதிப்பு நாளடைவில் அண்டை வீட்டார்க்கும் வழங்கலாயிற்று. எல்லோரும் ‘கீ’ ஆனபின், ‘டூ’ என்றழைப்பது இழிவாகத் தோன்றியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் எழுத்து வழக்கில் அச்சொல் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

1618-19இல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய திருச்சபை மாமன்றம் விவிலியத்தைப் புதிதாக மொழிபெயர்க்க முடிவு செய்தது. இறைவனை எச்சொல்லால் விளிப்பது என்ற வினா அப்போது எழுந்தது. லூதரின் ஜெர்மன் விவிலியமும், 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியமும் இறைவனை ஒருமையிலேயே விளித்தன. நம் அடியார்களும் இறைவனை ‘நீ’ என்று உரிமையுடன் பாடியவர்களே. ஆனால் டச்சு மாமன்றம் ‘டூ’வை விலக்கி, ‘கெய்’ என ஒலி மாறியிருந்த பழைய ‘கீ’யையே ஏற்றது. 1637இல் வெளிவந்த அந்நூலில் கடவுளும் ‘கெய்’, கள்வனும் ‘கெய்’. மதிப்பு அனைவர்க்கும் பொதுவானபோது, அது மதிப்பைக் குறிக்கும் ஆற்றலை இழந்தது.

வேறுபாடின்றி மக்களால் இருக்க இயலவில்லை. ஹாலந்துப் பகுதிப் பேச்சில் ‘கெய்’யின் திரிபான ‘யெய்’ நெருங்கியோர்க்கு உரியதாயிற்று. பலரைக் குறிக்க, ‘மக்கள்’ எனும் பொருளுடைய சொல்லை அதனுடன் சேர்த்தனர்; அதுவே மருவி ‘யுல்லி’ ஆயிற்று. உயர்ந்தோர்க்கு ‘ஊ’ எனும் சொல் வந்தது. ‘கெய்’ என்பதன் வேற்றுமை வடிவம் அது. அதனுடன், பழங்கடிதங்களில் ‘தங்கள் மேன்மை’ எனும் பொருளில் எழுதிய தொடரின் சுருக்கமும் கலந்தது என்பர். இந்தியின் ‘ஆப்’ படர்க்கை வினையை ஏற்பது போல, ‘ஊ’வும் சிலவிடத்துப் படர்க்கை வினை கொள்வது இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

ஒரு காலத்தில் பல டச்சு இல்லங்களில் பிள்ளைகள் பெற்றோரை ‘ஊ’ என்றே அழைத்தனர். 1960களுக்குப் பின் சமத்துவ உணர்வு பெருக, ‘யெய்’ பரவியது. இன்று ‘ஊ’ முதியோர்க்கும் அறிமுகமற்றோர்க்கும் அலுவல் கடிதங்களுக்கும் உரியதாய்ச் சுருங்கி வருகிறது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலோ பழைய ‘கெய்’ அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. நாடு இழந்த ‘டூ’வின் வழிவந்த வடிவங்கள் லிம்பர்க், குரோனிங்கன் வட்டார வழக்குகளில் இன்றும் உள்ளன.

‘டூ’வை எந்த அரசனும் தடை செய்யவில்லை. மாமன்றம் அதனை விலக்கியதும், பேசுவோர் முன்பே கைவிட்டிருந்ததால்தான். அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்கள்’ என்றும் அழைக்கும் நம் பல வீடுகளின் நுட்பத்தை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. பிள்ளைகள் அதனை வீட்டுப் பேச்சில் கேட்டே கற்கின்றனர். தமிழ் ஒலிக்காத ஊர்களில் வாழும் நமக்கு, அந்தப் பேச்சு வீட்டில் ஓயாதிருப்பதே முதற்கடமை.