கால் குளியல் தொட்டியில் நீர் பழுப்பாவது ஏன்?

‘அயனிக் கால் குளியல்’ என்ற பெயரில் அழகு நிலையங்களிலும் மாற்று மருத்துவ மையங்களிலும் நடத்தப்படும் நச்சு நீக்க சிகிச்சையில், தெளிந்த நீர் அரை மணி நேரத்துக்குள் பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ மாறிவிடுகிறது. உள்ளங்கால் வழியே வெளியேறிய கழிவே இந்நிறத்துக்குக் காரணம் என வாடிக்கையாளர்களிடம் கூறப்படுகிறது. ஆரஞ்சு என்றால் மூட்டு, பழுப்பு என்றால் கல்லீரல், கரும்பச்சை என்றால் பித்தப்பை என விளக்கும் வண்ண அட்டையும் காட்டப்படுவதுண்டு. உண்மையில் இந்நிறம் உருவாவது தொட்டியில் வைக்கப்படும் உலோக மின்முனைகளிலிருந்துதான்.

நீரில் சிறிது உப்பு சேர்த்து, குறைந்த அழுத்த நேர்மின்சாரம் செலுத்தப்படும்போது மின்னாற்பகுப்பு நிகழ்கிறது. நேர்மின்முனையிலுள்ள இரும்பு கரைந்து நீரில் கலக்கிறது. எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுகின்றன. கரைந்த இரும்பு முதலில் பச்சை கலந்த படிவாகவும், ஆக்சிஜனுடன் சேர்ந்தபின் செம்பழுப்புத் துருவாகவும் மாறும். இரும்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர், இறைக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் சற்று நேரம் நின்றதும் மஞ்சளாவதும் இதே வேதியியல்தான். கருந்துகள்கள் இரும்பு ஆக்சைடின் மற்றொரு வடிவம். வெண்ணுரை எழுவதற்கு வாயுக் குமிழிகளும் தோலிலுள்ள எண்ணெய், சோப்பு எச்சங்களும் காரணம். சில வேளைகளில் உணரப்படும் குளோரின் நெடி, சேர்த்த உப்பிலிருந்தே வருகிறது.

மைக்கேல் ஃபாரடே 1834-இல் வெளியிட்ட மின்னாற்பகுப்பு விதிகளின்படி கணக்கிட்டால், 2 ஆம்பியர் மின்னோட்டம் 30 நிமிடம் பாய்ந்து, அது முழுவதும் இரும்பைக் கரைக்கவே செலவானால், ஏறக்குறைய 1 கிராம் இரும்பு நீரில் சேரும். ஒரு தொட்டி நீரைச் சேறுபோல் காட்ட இதுவே போதும்.

உப்புநீர் இரும்பை அரிப்பதைக் கடலோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தமானின் பாராடாங் தீவுக்கு மிடில் ஸ்ட்ரைட் கால்வாயைக் கடந்து வாகனங்களை ஏற்றிச்செல்லும் படகுகளைப் போல, உப்புநீரில் இயங்கும் எந்த இரும்புக் கலத்துக்கும் துரு தீராத தொல்லை. கடலில் மாதக்கணக்கில் நடப்பதை மின்சாரம் தொட்டியில் நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

பிரிட்டனில் மருத்துவர் பென் கோல்டேக்ர் 2004-இல் இதைச் சோதித்தார். கருவி இயங்குவதற்கு முன் லிட்டருக்கு 0.54 மில்லிகிராமாக இருந்த இரும்பின் அளவு, இயங்கிய பின் 23.6 மில்லிகிராமாக உயர்ந்திருந்தது. உடற்கழிவுகளான யூரியாவோ கிரியேட்டினினோ அந்நீரில் காணப்படவில்லை. ஆணிகளை மின்முனைகளாக்கி, பார்பி பொம்மையின் கால்களை நனைத்த தொட்டியிலும் நீர் பழுப்பானது. பொம்மைக்குக் கல்லீரல் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. கனடா ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்விலும், இக்கருவி நச்சு உலோகங்களை உடலிலிருந்து வெளியேற்றுவதற்குச் சான்று கிடைக்கவில்லை.

உடலின் கழிவு நீக்கம் பெரும்பாலும் கல்லீரல், சிறுநீரகங்களின் பணி. சிறுநீரகங்கள் நாள்தோறும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிகுதி எனினும், வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே.

வெந்நீரில் கால் நனைப்பது இதமளிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிறம் மாறியதைக் கண்டு நோய் நீங்கியதாக நம்பி மருந்தை நிறுத்துவோருக்கு ஆபத்து நேரலாம். நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்கள் நீரின் சூட்டை உணராமல் புண் பெறக்கூடும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மின்சாரம் பாயும் இத்தொட்டியைத் தவிர்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு மின்முனைகளிலிருந்து நிக்கலும் கசியலாம் என்பதால், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களும் கவனமாக இருப்பது நல்லது.

நீரிழிவு, சிறுநீரகக் கல் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. தவறான விளம்பரங்களுக்கு எதிராக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் நடவடிக்கை எடுக்க இயலும். பாதிக்கப்பட்டோர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐத் தொடர்புகொள்ளலாம்.