தோசைக்கல்லும் எல்டிஎல்லும்

வீட்டுல யாருக்காவது சுகர் இருந்தா அவங்க லேப் ரிப்போர்ட்டைப் பார்த்திருப்பீங்க. சுகர் ஒரு பக்கம், கொலஸ்ட்ரால் இன்னொரு பக்கம். ரெண்டும் வேற வேற பிரச்சினைன்னு நாம நினைச்சுக்கிறோம். அந்த ரெண்டு பக்கமும் எங்கே சந்திக்குதுங்கிற கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

1912-ல பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மய்யார், சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினார். கலவை பழுப்பாச்சு. கல்லுல தோசை சிவக்கிறதுலயும் இந்த வேதிவினைக்குப் பெரிய பங்கு உண்டு. இதோட முதல் படி, சர்க்கரை போய்ப் புரதத்துல ஒட்டிக்கிறது.

நம்ம உடம்புல தோசைக்கல் சூடு கிடையாது, 37 டிகிரிதான். ஆனா நேரம் நிறைய இருக்கு. 1968-ல தெஹ்ரான்ல சாமுவேல் ரஹ்பர், சர்க்கரை நோயாளிகளோட ரத்தத்துல வித்தியாசமான ஒரு ஹீமோகுளோபினைக் கவனிச்சார். அது சர்க்கரை ஒட்டின ஹீமோகுளோபின்னு பின்னாடி தெரிஞ்சது. நாம "மூணு மாச சுகர்"னு சொல்ற எச்பிஏ1சி டெஸ்ட் அதைத்தான் அளக்குது.

ஹீமோகுளோபின்ல ஒட்டுற சர்க்கரை மத்த புரதங்களைச் சும்மா விடுமா? விடாது. கொலஸ்ட்ரால் ரத்தத்துல தனியாப் போகாது. எல்டிஎல் மாதிரியான துகள்கள்தான் அதைச் சுமக்குது. எல்டிஎல் மேல அபோ-பின்னு ஒரு புரதம் சுத்தியிருக்கும். செல்களோட ஏற்பிகள் அந்தப் புரதத்தைப் பிடிச்சுத்தான் எல்டிஎல்லை உள்ளே இழுக்குது. அமெரிக்காவுல டல்லாஸ் நகரத்துல இந்த ஏற்பியைக் கண்டுபிடிச்ச பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-ல நோபல் பரிசு கிடைச்சது.

அந்தப் பிடியிலதான் சர்க்கரை கை வைக்குது. 1984-ல ஸ்டைன்பிரெக்கர், விட்ஸ்டம் ரெண்டு பேரும், சர்க்கரை நோய்ல காணப்படுற அளவுக்கு ஒட்டினாலே எல்டிஎல் ரத்தத்தை விட்டு வெளியேறுறது மெதுவாகுதுன்னு காட்டினாங்க. அதிக நேரம் சுத்துற துகள் ஆக்சிஜனேற்றம் அடையவும், ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள நுழையவும் வாய்ப்பு கூடுது.

இது ஒண்ணு மட்டுமே காரணம் இல்ல. சிவப்பணு சுமார் 120 நாள் வாழுது, எல்டிஎல்லுக்கு ரெண்டு மூணு நாள்தான். அதனால அதுல ஒட்டுற சர்க்கரை கொஞ்சம்தான். டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் எல்லாமே சேர்ந்துதான் இதயத்தைப் பாதிக்குது.

ஆனா ஒரு விஷயம் முக்கியம். வழக்கமான டெஸ்ட் எல்டிஎல்ல எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். அந்தத் துகள் என்ன நிலைமையில இருக்குன்னு சொல்லாது. 2004-ல வெளியான கார்ட்ஸ் ஆய்வுல, எல்டிஎல் அதிகம் இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தாங்க. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பெரிய பாதிப்புகள் 37 சதவீதம் குறைஞ்சது.

அதனால, "கொலஸ்ட்ரால் நார்மலாத்தானே இருக்கு, இந்த மாத்திரை எதுக்கு?"ன்னு அப்பாவோ அம்மாவோ கேட்டா, தாங்களா நிறுத்திடாம டாக்டர்கிட்ட கேட்கச் சொல்லுங்க. ரிப்போர்ட்டோட ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்கணும்.