கல்லும் சொல்லும்: குஸ்கோ நகர வரலாறு

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்குச் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கின் தலைமாட்டில் அமைந்துள்ளது குஸ்கோ. இன்று பெரு நாட்டின் தென்பகுதியில் இருக்கும் இந்நகரம் ஒரு காலத்தில் இன்கா பேரரசின் தலைநகராய் விளங்கியது. 15ஆம் நூற்றாண்டில் பச்சகூத்தி என்னும் மன்னன் இதைப் புதுக்கி அமைத்தான் என்பர். சாஃபி, துல்லுமாயோ என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடைப்பட்ட நிலமே நகரின் நடுப்பகுதி. அங்கிருந்த பெருமன்றத்திலிருந்து நான்கு திசைகளிலும் நான்கு பெருவழிகள் புறப்பட்டன. பேரரசின் பெயரும் அதையே சொல்லும்: தாவாந்தின்சூயு, அதாவது ஒன்றுகூடிய நான்கு பகுதிகள். மன்றத்தின் தரையில் கடல் மணல் பரப்பப்பட்டிருந்தது. மலைகளைக் கடந்து சுமந்து வரப்பட்ட அம்மணலைப் போலோ தே ஒந்தெகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி அள்ளி எடுத்துக் கட்டுமான வேலைக்குப் பயன்படுத்தினார். அதை அவரே தம் அறிக்கையில் எழுதியும் வைத்துள்ளார்.

குஸ்கோவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் கற்சுவர்களோடு நின்றுவிடுகின்றனர். சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருந்த அடுக்கிய சுவர்கள் அவை. 1650, 1950 ஆகிய ஆண்டுகளின் நிலநடுக்கங்களில் ஸ்பானியர் எழுப்பிய மாடங்கள் சரிந்தன. அடியிலிருந்த இன்கா சுவர்கள் நின்றன. 1950 மே 21 அன்று சாந்தோ தொமிங்கோ மடம் இடிந்தபோது, அதனுள் மறைந்திருந்த கொரிகாஞ்சா என்னும் சூரியன் கோயிலின் சுவர்கள் பல வெளிப்பட்டன. வியக்கத்தக்க செய்திதான். எனினும் கல்லுக்கு நேர்ந்ததைவிடச் சொல்லுக்கு நேர்ந்ததே இந்நகரின் பெரிய கதை. அக்கதை கவிஞர்களுக்கு நெருக்கமானதும் ஆகும்.

இன்காக்களிடம் எழுத்து இல்லை. முடிச்சிட்ட கயிறுகளே அவர்களுக்குக் கணக்கேடாகவும் நினைவேடாகவும் இருந்தன. ஆட்சியின் மொழி கெச்சுவா. அதைப் பேசுவோர் அதற்கு இட்ட பெயர் ரூனாசிமி, மனிதரின் வாய்மொழி. 1533 நவம்பரில் ஸ்பானியப் படை நகருள் புகுந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பழைய நகரின் மீதே புதிய ஸ்பானிய நகரம் நிறுவப்பட்டது. 1536இல் மாங்கோ இன்கா நகரை முற்றுகையிட்டுத் தோற்றார்.

அதன்பின் மூன்றாண்டுகளில், 1539 ஏப்ரல் 12 அன்று, இந்நகரில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாய் சிம்பு ஒக்லோ, இன்கா அரச குடும்பத்துப் பெண். தந்தை பின்னர் ஒரு ஸ்பானியப் பெண்ணை முறைப்படி மணந்துகொண்டார். தாயின் வீட்டில் கெச்சுவாவும் தந்தையின் வீட்டில் ஸ்பானியமும் கேட்டு வளர்ந்த அப்பிள்ளை 1560இல் ஸ்பெயினுக்குக் கப்பலேறினான். ஊர் திரும்பவேயில்லை. தந்தையின் பணிக்கு அரசிடம் கேட்ட மானியமும் கிட்டவில்லை. அவனே பின்னாளில் இன்கா கார்சிலாசோ தே லா வேகா எனப் புகழ்பெற்றவன். 1590இல் இத்தாலிய மொழியிலிருந்து லியோன் எப்ரேயோவின் காதல் உரையாடல்களை ஸ்பானியத்தில் பெயர்த்தார். 1609இல் லிஸ்பனில் வெளிவந்தது 'கொமென்தாரியோஸ் ரெயாலெஸ்' என்னும் இன்கா வரலாறு.

எழுபதை எட்டும் வயதில், பிறந்த ஊரைக் கண்டு ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் ஆன நிலையில் வெளிவந்த நூல் இது. தம் குலத்தை அவர் மிகையாகப் போற்றினார் என்று ஆய்வாளர்கள் குறை கூறுவது நியாயமே. ஆனால் மொழியைப் பற்றி அவர் சொல்லுமிடங்கள் தனிச்சிறப்பு உடையவை. நூலின் தொடக்கத்திலேயே கெச்சுவா ஒலிகளைப் பற்றி வாசகரை எச்சரிக்கிறார். ஸ்பானியர் 'வாக்கா' என்று ஒன்றாக எழுதும் சொல் உண்மையில் இரண்டு. ககரத்தை ஒலிக்கும் இடம் மாறினால் ஒன்று புனிதப் பொருளைக் குறிக்கும், மற்றொன்று அழுவதைக் குறிக்கும். இவ்வேறுபாட்டை அறியாதார் எழுதிய வரலாறு எத்தகையது என்பதை வாசகர் உணர்ந்துகொள்ள விட்டுவிடுகிறார். லகர, ளகர, ழகரங்களை அறிந்த செவிக்கு இந்த வருத்தம் புதிதன்று. அந்நூலில் ஒரு கெச்சுவாப் பாடலையும் காத்து வைத்தார். வானத்து இளவரசியின் குடத்தை அவள் சகோதரன் உடைக்க, இடியும் மின்னலும் மழையும் பிறக்கின்றன என்பது அதன் பொருள். அதன் அடிகள் நான்கு அசை கொண்டவை என்று யாப்பும் சொல்கிறார்.

கெச்சுவா உடனே ஒடுக்கப்பட்டதாக எண்ணுவது தவறு. சமயம் பரப்புவோருக்கு அம்மொழி வேண்டியிருந்தது. கார்சிலாசோ கப்பலேறிய அதே 1560இல் தொமிங்கோ தே சாந்தோ தோமாஸ் எழுதிய முதல் கெச்சுவா இலக்கணம் ஸ்பெயினில் அச்சாயிற்று. 1584இல் லிமாவில் அச்சான ஞானோபதேச நூல் ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. 17ஆம் நூற்றாண்டில் குஸ்கோவின் பாதிரியார் எஸ்பினோசா மெத்ரானோ, ஸ்பானியக் கவிஞர் கோங்கோராவை ஆதரித்து 1662இல் கவிதையியல் நூலொன்று வெளியிட்டார். கெச்சுவாவிலும் நாடகங்கள் யாத்தார்.

இந்நிலையை 1781 மாற்றியது. முந்தைய ஆண்டு நவம்பரில் ஹோசே காப்ரியேல் கொந்தோர்காங்கி, இரண்டாம் துபாக் அமாரு என்ற பெயர் தாங்கிப் பெரும் கிளர்ச்சியைத் தொடங்கினார். 1781 மே 18 அன்று அவரும் அவர் மனைவி மிக்காயேலா பஸ்தீதாசும் குஸ்கோ மன்றத்தில் கொல்லப்பட்டனர். நான்கு பெருவழிகள் புறப்பட்ட அதே மன்றத்தில், நான்கு குதிரைகளில் பிணித்து அவர் உடலைக் கிழிக்க முயன்றனர். அது இயலாமற்போகத் தலையை வெட்டினர். அரசப் பிரதிநிதி அரெச்சே வழங்கிய தீர்ப்பு மனிதரோடு நிற்கவில்லை. இன்கா உடை கூடாது; இன்கா மன்னரின் ஓவியங்கள் கூடாது; சங்கூதுதல் கூடாது; முன்னோரை நினைவூட்டும் நாடகங்கள் கூடாது. நான்காண்டுகளுக்குள் மக்கள் அனைவரும் ஸ்பானியம் பேசப் பழக வேண்டும். மறு ஆண்டு, கார்சிலாசோவின் நூற்படிகளைத் திரட்டி அகற்றுமாறு அரச ஆணை பிறந்தது. ஸ்பானியப் படைத்தலைவரின் மகன் ஸ்பானிய மொழியில் எழுதி, மாட்ரிடிலேயே 1723இல் மறுபதிப்புக் கண்ட நூல் அது. இன்கா வழிவந்த குறுநிலத் தலைவர்கள் அதில் தம் குலப்பெருமையைப் படித்தனர் என்பதே குற்றம்.

ஆணைகள் முழுமையாக நிறைவேறவில்லை. அதிகாரம் எட்டாத மலையூர்களில் மக்கள் தம் மொழியிலேயே பேசினர். 'ஒல்லாந்தாய்' என்னும் கெச்சுவா நாடகம் கையெழுத்துப் படிகளில் பிழைத்தது. அரச குலத்தில் பிறவாத படைத்தலைவன் ஒருவன் மன்னன் மகளைக் காதலித்துக் கிளர்ச்சி செய்யும் கதை அது. சிகுவானி ஊர்ப் பாதிரியார் அந்தோனியோ வால்தேஸ் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இந்நாடகத்தை 1853இல் வான் சூடி என்னும் அறிஞர் வியன்னாவில் அச்சிட்டார்.

20ஆம் நூற்றாண்டில் நகரின் பொதுவாழ்வு மீண்டும் மொழியின் பக்கம் திரும்பியது. 1692இல் நிறுவப்பட்ட சான் அந்தோனியோ ஆபாத் பல்கலைக்கழக மாணவர்கள் 1909இல் சீர்திருத்தம் கோரி எழுந்தனர். மார்த்தீன் சாம்பி தம் ஒளிப்படங்களில் மலைமக்களின் முகங்களைப் பதித்தார். 1944 ஜூன் 24 அன்று இந்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழா நாடக வடிவில் புத்துயிர் பெற்றது. அதற்கு அடிப்படையாக அமைந்தது கார்சிலாசோவின் வருணனை. உரையாடலைக் கெச்சுவாவில் எழுதி முதல் இன்காவாக நடித்தவர் ஃபௌஸ்தீனோ எஸ்பினோசா நவாரோ. பயணியருக்கான காட்சி என்று இன்று இவ்விழாவை இகழ்வோர் உண்டு. தடைசெய்யப்பட்ட நூலின் பக்கங்கள், தடைசெய்யப்பட்ட மொழியில், அந்நகரத்திலேயே மேடையேறின என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

1953இல் கெச்சுவா மொழிக் கழகம் தோன்றியது. 1975இல் அரசு அம்மொழியை ஆட்சிமொழியாக ஏற்றது. உடனே சண்டையும் பிறந்தது. உயிரெழுத்து மூன்றா, ஐந்தா? அடித்தொண்டைக் ககரத்தை அடுத்து வரும் இகரமும் உகரமும் எகரமாகவும் ஒகரமாகவும் ஒலிக்கின்றன. அவை தனி உயிர்கள் அல்ல என்பது மொழியியலார் வாதம்; 1985ஆம் ஆண்டின் எழுத்துமுறை அவர்கள் பக்கம் நின்றது. காதில் விழுவதை எழுத வேண்டும் என்பது கழகத்தார் வாதம். ஊர்ப்பெயரும் இதற்குத் தப்பவில்லை. 1990இல் மேயர் தானியேல் எஸ்த்ராதா காலத்தில் நகராட்சி 'கோஸ்கோ' என்னும் வடிவத்தை ஏற்றது. அப்பெயருக்குத் 'தொப்புள்' என்று கார்சிலாசோ தந்த பொருளையும் செரோன் பாலோமினோ என்ற மொழியறிஞர் மறுத்து, அய்மாரா மொழியில் ஆந்தையைக் குறிக்கும் சொல் என்கிறார். தொப்புள் என்ற சொல்லில் மயங்கியோருக்கு ஆந்தை பிடிக்கவில்லை.

கார்சிலாசோவின் எலும்புச் சாம்பலில் ஒரு பகுதி 1978இல் ஸ்பெயின் மன்னர் வருகையின்போது குஸ்கோ வந்து சேர்ந்தது. எஞ்சியது கோர்தோபாவிலேயே இருக்கிறது.

2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெருவில் கெச்சுவாவைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 38 லட்சம் பேர். 1551இல் தோன்றிய லிமாவின் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில்தான் முதன்முதலாக ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு கெச்சுவாவில் எழுதப்பட்டு, கெச்சுவாவிலேயே வாதிடப்பட்டது. ஆய்வாளர் குஸ்கோ வட்டாரத்தைச் சேர்ந்த ரொக்சானா கிஸ்பே கொயாந்தெஸ். ஆய்வுப் பொருள் ஆந்த்ரேஸ் அலென்காஸ்த்ரேயின் கவிதைகள். கில்கு வாராகா என்ற புனைபெயரில் கெச்சுவாவில் பாடிய அக்கவிஞர் அப்பகுதியின் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். அவரை நாவலாசிரியர் ஹோசே மரியா ஆர்கெதாஸ் வியந்து போற்றினார். 1984இல் அதே மொழி பேசும் உழவர்கள் அவரைக் கொன்றனர்.