ரொமான்டிக்: ஏச்சாக இருந்த பெயர்

‘ரொமான்டிக்’ என்றதும் இன்று நமக்குக் காதல்தான் நினைவுக்கு வரும். சொல்லின் வேரில் காதல் இல்லை, ரோம்தான் இருக்கிறது. இடைக்காலப் பிரான்சில் கற்றவர்கள் லத்தீனில் எழுதினார்கள். லத்தீனிலிருந்து கிளைத்து மக்கள் வாயில் வழங்கிய மொழிக்கு ‘ரொமான்ஸ்’ என்று பெயர். அந்த மொழியில் சொல்லப்பட்ட வீரக்கதைகளுக்கும் அதுவே பெயராயிற்று. மந்திரவாதிகளும் அரக்கர்களும் மாயக் கோட்டைகளும் நிறைந்த கதைகள் அவை.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் ‘ரொமான்டிக்’ புழங்கத் தொடங்கியபோது, அந்தக் கதைகளைப்போல் நம்பத்தகாதது என்றே பொருள். 1660இல் லண்டனில் தோன்றிய ராயல் சொசைட்டி அலங்காரமற்ற நேரடி நடையை வற்புறுத்திய காலம் அது. பகுத்தறிவின் கையில் இந்தச் சொல் ஓர் ஏச்சு. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியும் பொய்யானது, நடக்கவியலாதது என்றே பொருள் சொன்னது. ஆனால் கூடவே, கட்டுக்கடங்காத இயற்கைக் காட்சி என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. சொல் தப்பிப் பிழைத்தது அந்த இடுக்கின் வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

ஏச்சைப் பெருமையாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். 1798இல் ‘அதேனியம்’ இதழில் ஃபிரீட்ரிக் ஷ்லெகல், என்றும் முடிவுறாமல் வளர்ந்துகொண்டே இருப்பது, தத்துவத்தையும் விமர்சனத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்வது என்று ரொமான்டிக் கவிதைக்கு இலக்கணம் வகுத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் ‘லிரிக்கல் பாலட்ஸ்’ என்ற கவிதை நூலை வெளியிட்டார்கள். அவர்கள் தங்களை ரொமான்டிக் கவிகள் என்று அழைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரைப் பின்னால் வந்தவர்களே சூட்டினார்கள்.

இந்த ரொமான்டிக் கவிகளை அறிவின் பகைவர்கள் என்பது அநியாயம். ஜெர்மன் கவிஞர் நோவாலிஸ், ஃபிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் வேதியியலும் கணிதமும் படித்து, உப்புத் தொழில் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். கோல்ரிட்ஜ் 1802இல் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளைத் தேடிப்போய்க் கேட்டார். அதே டேவியிடம்தான் வேர்ட்ஸ்வொர்த், தம் நூலின் இரண்டாம் பதிப்பைச் சரிபார்த்துத் தரும்படி 1800இல் வேண்டினார். அளந்து அறிவதை இவர்கள் மறுக்கவில்லை. அளக்க முடிந்தது மட்டுமே உண்மை என்பதைத்தான் மறுத்தார்கள்.

தமிழில் நாம் இந்த ரொமான்டிக் போக்கைக் ‘கற்பனாவாதம்’ என்கிறோம். நடக்காத கனவைச் சாடும் ‘கற்பனாவாத சோசலிசம்’ என்ற வழக்கிலும் அதே சொல்தான் இருக்கிறது. அதனால் ஷ்லெகல் துடைத்தெறிந்த பழைய ஏச்சு தமிழில் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ‘புனைவியல்’ என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. திறனாய்வாளர்கள் இனி அதையே எடுத்தாள வேண்டும்.