துண்டும் லயமும்: ஊவாத் தோட்டங்களில் ஒத்தொழுகலின் வரலாறு

பெருந்தோட்டங்களைப் பற்றி ஆங்கிலேயத் துரைமாரும் குடியேற்றவாத அதிகாரிகளும் எழுதிவைத்த குறிப்புக்களைப் படிப்போர், தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய இடங்களில் ஒரே கருத்து மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்பர். இவர்கள் அடக்கமானவர்கள்; இட்ட பணியைச் செய்பவர்கள்; ஒருவன் போன வழியே மற்றவனும் போவான் என்பதே அக்கருத்து. வெள்ளைக்காரர் இவ்வாறு எழுதியது வியப்பன்று. மலையகத்தை வெளியிலிருந்து நோக்கும் எம்மவருட் சிலரும் இதனையே அனுதாபச் சொற்களாற் போர்த்திக் கூறிவருகின்றமைதான் கவலைக்குரியது. “பாவம், அவர்கள் தலைவர் சொன்னால் தலையாட்டுவார்கள்” என்பது துரையின் கூற்றுக்குச் சட்டை மாற்றிய வடிவமேயாகும். ஒத்தொழுகல் இம்மக்களின் பிறவிக் குணமா, அன்றித் திட்டமிட்டு ஆக்கப்பெற்ற ஒன்றா? இதனை வரலாற்று நிலைநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெரு, அப்புத்தளை மலைத்தொடரின் தென் சரிவில் ஏறும் இடத்தில் அமைந்துள்ளது ஹல்துமுல்லை. கீழே தாழ்நிலச் சமவெளி விரிந்து கிடக்க, மேலே தேயிலை மலைகள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. 1869 இல் இலங்கையிற் காணப்பெற்ற இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். 1893 இல் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. பயிர் மாறியமை தொழிலாளர் வாழ்வையும் மாற்றியது. கோப்பி பறிக்க வந்தவர் பருவம் முடிந்ததும் தம் ஊருக்கு மீண்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து தங்கவேண்டியதாயிற்று. வந்துபோகும் மனிதன் ஓரளவு தன்னிச்சையுடையவன். தங்கிவிட்டவனோ அயலாரின் கண்ணுக்கு அஞ்சியாக வேண்டும்.

உளவியல் பயில்வோர் சொலமன் ஆஷ் 1951 இல் வெளியிட்ட பரிசோதனையை அறிவர். ஒரு கோட்டிற்குச் சமமான நீளமுள்ள கோடு எதுவெனக் கேட்கப்பட்டது. விடை கண்கூடு. எனினும் முன்னரே ஏற்பாடு செய்யப்பெற்றிருந்த ஏனையோர் ஒருமித்துத் தவறான விடை கூறிய வேளைகளில், பரிசோதிக்கப்பட்டோர் அளித்த விடைகளில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை அத்தவற்றையே பின்பற்றின. கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைக் கூறினாற்கூட அந்தப் பின்பற்றல் பெரிதும் குறைந்தது. இப்பரிசோதனையில் மாறுபட்ட விடை கூறியவர் இழந்தது எதுவுமில்லை என்பது நோக்கற்பாலது. எவரும் அவருடைய உணவைப் பறிக்கவில்லை. குடியிருக்கும் அறையைப் பறிக்கவில்லை. நட்டமின்றியே மனிதர் இவ்வளவு வளைவரெனின், நட்டம் தாளில் எழுதப்பட்டுள்ள இடத்தில் எவ்வளவு வளைவர்? (இதனை உணரத் தோட்டம் வரை செல்லவேண்டியதில்லை. பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன் பின்னரும் புதுமுக மாணவர் வாய்திறவாதிருப்பது எதனால் என்பதை இம்மலரின் வாசகர் நன்கறிவர்.)

தோட்டத்தில் அந்நட்டத்தை எழுதிய தாளின் பெயர் ‘துண்டு’ என்பதாகும். இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். பிஜி, நேட்டால் போன்ற நாடுகளுக்குச் சென்றோர் ஆண்டுக்கணக்கான ஒப்பந்தத்தாற் பிணிக்கப்பட்டிருந்தனர். இலங்கையில் அத்தகைய நீண்ட ஒப்பந்தம் இருக்கவில்லை. சட்டத்தின்படி தொழிலாளி மாதக் கூலியாள். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு அவர் எங்கும் செல்லலாம். ஏட்டளவில் இவரினும் சுதந்திரமானவர் இலர் எனலாம். ஆனால் நடைமுறை வேறு. தமிழகத்துக் கிராமத்தில் ஆள் திரட்டிய கங்காணி, வழிச்செலவு முதலியவற்றுக்கு முற்பணம் கொடுத்தார். அப்பணம் தோட்டத்துக்கு வந்துசேருமுன்னரே கடனாயிற்று. அரிசி, கம்பளி, திருமணம், சாவு என ஒவ்வொன்றும் அக்கடனை வளர்த்தன. பெரிய கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை துண்டு எழுதிக் கொடுப்பார். இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன், அதனைச் செலுத்துவோர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம்.

துண்டு தனியாளுக்கு எழுதப்படவில்லை, கூட்டத்துக்கே எழுதப்பட்டது. ஆட்களின் எண்ணிக்கையும் கடனின் மொத்தத் தொகையும் அதில் இருந்தன. ஆகவே ஒரு தோட்டத்தின் கொடுமையை வெறுத்து வெளியேறுதலுங்கூடத் தனியொருவரின் தீர்மானமாக அமைய இயலவில்லை. இருப்பதும் கூட்டத்தோடு, போவதும் கூட்டத்தோடு. தனியே புறப்பட்டவர் ‘ஓடிப்போனவர்’ எனப் பெயர்பெற்றுச் சட்டத்தின் தண்டனைக்கு ஆளானார். அன்றாடம் வேலைக்கு வரும் ஒவ்வொரு பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், ஒருவர் வேலைக்கு வராதொழிதல் கங்காணியின் வருவாயைக் குறைத்தது. அவரோ பெரும்பாலும் உறவினர், அன்றேல் ஊரார், ஊரிலேயே மேற்சாதி என மதிக்கப்பட்டவர். உறவு, சாதி, கடன் ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் குவிந்திருக்கையில் அவருக்கு மாறாகப் பேசுதல் எளிதன்று. துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலை ஒப்பந்த மீறலுக்குச் சிறையிடும் விதிகளும் அதற்கடுத்த ஆண்டு நீங்கின. தாள் ஒழிந்தபோதிலும் அது பழக்கிய ஒழுகலாறு உடனே ஒழியவில்லை.

அதனைக் காத்துவைத்தது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அறைகள் வரிசையாகவும், முதுகோடு முதுகு ஒட்டியும் கட்டப்பெற்றன. ஓர் அறையின் இருமல் அடுத்த அறையிற் கேட்கும். என்ன சமைக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், யார் சங்கத்துக்காரனுடன் பேசினார் என்பன அனைத்தும் இரவுக்குள் கங்காணியின் காதை எட்டிவிடும். விடியலில் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் எல்லோரும் கூடிநிற்கப் பேர் பதியப்படும். பிந்தி வந்தவரைத் திருப்பியனுப்பலாம். எடை குறைந்தால் அரைப்பேர் போடலாம். இத்தண்டனைகள் யாவும் எல்லோர் கண்முன்னும் நிகழ்ந்தமை கவனிக்கத்தக்கது. ஒருவருக்கு இழைக்கப்பட்ட அவமானம் நூறு பேருக்குப் பாடமாயிற்று. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் இம்மக்களின் உயிர்த்துடிப்பான கலைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்கு முதல் மரியாதை, யார் எவ்விடத்தில் நிற்பது என்பனவற்றை ஆண்டுதோறும் உறுதிசெய்த களங்களும் அவையே.

வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. கோ. நடேசய்யர் துணி விற்பவராக வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார் என்பர். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாகப் பாடினார். ஆஷின் பரிசோதனையிற் சரியான விடை கூறிய அந்த ஒரேயொருவர் நினைவுக்கு வருகின்றார். மாற்றுக்குரல் ஒன்று உண்டு என அறிவதே முதற் தேவை. 1931 இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உதயமாயிற்று. சமசமாஜக் கட்சியினரும் தோட்டங்களுட் புகுந்தனர்.

இனி 1940 க்கு வருவோம். அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். வேலைநிறுத்த அலை மலைநாடெங்கும் பரவி ஊவாவை அடைந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை இணங்கவேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதப் பொலிசாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர் எனச் சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதிய லெஸ்லி குணவர்த்தன குறிப்பிடுகிறார். மே 12 இற் பதுளையில் நடந்த கூட்டத்திலே என். எம். பெரேரா தடையை மீறிப் பேசினார். பின்னர் பொலிசாரின் அடக்குமுறையும், ஊவாவை ஏனைய பகுதிகளினின்றும் துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து இவ்வலையைத் தணித்தன. ஜூனில் தலைவர்கள் சிறைப்பட்டனர்.

பிறவியிலேயே அடங்கிப்போவோர் எனப்பட்டவர் ஒரு சில வாரங்களுக்குள் இவ்வாறு மாறியது எங்ஙனம்? அவர்கள் கூட்டத்தோடு ஒழுகுவதை விட்டுவிடவில்லை என்பதே எமது விடை. கூட்டத்தின் திசையே மாறிற்று. ஒன்றாகப் பிரட்டுக்களத்துக்குச் சென்றவர்கள் ஒன்றாகப் போகாதிருந்தனர். சுவருக்கப்பால் நடப்பதை அறியும் லயம், வேலைக்குப் போக எண்ணியவரையும் அறிந்தது. கருங்காலி எனப் பெயர் பெறுதல் அரைப்பேரினும் கொடிய தண்டனை. வேலைநிறுத்தங்களின் வீரத்தை எழுதுவோர் இப்பக்கத்தைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. பசித்த பிள்ளையின் பொருட்டு மலைக்குப் போக நினைத்த தாய் ஒருத்தி அன்று என்ன எண்ணினாள் என்பதை எந்த ஆவணமும் பதிந்துவைக்கவில்லை. எனினும் கங்காணிக்கு ஒத்தொழுகியதும் சங்கத்துக்கு ஒத்தொழுகியதும் ஒன்றே எனக் கூறுதல் தவறாகும். முன்னையது கடனால் வந்தது. பின்னையது தாமே தெரிந்தெடுத்த சபையால் வந்தது. முன்னையதை எதிர்த்து வாதிட இடமில்லை. பின்னையதில், குறைந்தபட்சம் தொடக்கத்திலேனும், இடம் இருந்தது.

அவ்விடம் நாளடைவிற் சுருங்கியதென்பதை மறைத்தல் முறையன்று. சங்கங்கள் பெருகின, பிளவுபட்டன. சந்தா சம்பளத்தினின்றே கழிக்கப்பட்டது. கங்காணியின் இடத்திலே தோட்டத் தலைவர் அமர்ந்த தோட்டங்களும் உண்டு. 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோன பின்னர், சங்கத்தைத் தவிர இவர்களுக்காகப் பேச வேறு வாய் இருக்கவில்லை. ஒரே வாய் மட்டும் உள்ள இடத்தில் அவ்வாயோடு முரண்படுதல் ஆபத்தாகத் தோன்றுவது இயல்பே.

பெண்களின் நிலை இதனினும் கடினம். கொழுந்தெடுப்போருட் பெரும்பாலார் பெண்கள். ஆயினும் 1920களின் இறுதியில் விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதனிற் குறைந்தது எனப் பிரித்திருந்தது. நாட்கூலி சமமானது 1984 இலேயாகும். அதற்குப் பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று பெறும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தமையை ரேச்சல் குரியன் முதலியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. கையை நீட்டித் தன் சம்பளத்தைத் தானே கேட்ட பெண்ணை லயம் என்ன பெயரிட்டு அழைத்தது என்பதை ஈண்டு எழுதவேண்டியதில்லை.

இவ்வரலாறு ஏடுகளோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு ஹல்துமுல்லைப் பிரதேசமே சான்று. 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் காலையில், இப்பிரதேசத்திலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அனர்த்தத்தின் பின்னர், “சொல்லியும் போகவில்லையே” என்ற பேச்சு எழுந்தது. துண்டின் வரலாற்றைக் கற்றவர் இவ்வாறு கேளார். குடியிருக்கும் அறை தோட்டத்துக்கு உரியது. வேலை உள்ளவரைதான் அறை. வெளியே ஒரு பேர்ச் காணியும் சொந்தமில்லாத குடும்பம், எச்சரிக்கையைக் கேட்டுத் தனியே எங்கே பெயர்வது? பக்கத்து அறைக்காரர் இருக்கிறார் என்பதே இருப்பதற்குப் போதிய காரணமாகிவிடும். லயம் முழுவதையும் பெயர்ப்பதற்குரிய நிலம் உரிய காலத்தில் வழங்கப்படவில்லை. உயிர் தப்பியோர் முதலிற் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் மாற்றுக் காணியில் அவர்களுக்கென வீடுகள் கட்டப்பெற்றன. லயமாக அன்று, தனித்தனி வீடுகளாக.