கவை எலும்பும் பறவைகளின் மூதாதையரும்

பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள் என்னும் கருத்து 1860களில் முளைவிட்டு, பின்னர் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒதுக்கி வைக்கப்பட்டு, 1970களில்தான் மீண்டும் தலையெடுத்தது. இந்த நீண்ட இடைவெளிக்கு ஒரு சிறிய எலும்பே பெருமளவு காரணமாயிற்று. கோழியின் கழுத்தடியில் கவண் போல இரு கிளையாகப் பிரிந்து நிற்கும் அந்தக் கவை எலும்பு, இடமும் வலமுமான இரண்டு காறை எலும்புகள் நடுவில் ஒன்றுகூடி உருவாவது. பறக்கும்போது அது வில் போல வளைந்து நிமிர்வதும் உண்டு.

ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் படிவுகளில் 1861ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸ், இறகுகளோடு பற்களையும் நீண்ட எலும்பு வாலையும் கொண்டிருந்தது. ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அதனையும் பறவைகளையும் அதே படிவுகளைச் சேர்ந்த காம்ப்சோக்னாதஸ் என்னும் சிறு டைனோசருடன் ஒப்பிட்டு, இவற்றிடையே நெருங்கிய உறவு உண்டு என வாதிட்டார். ஆயினும் டென்மார்க்கைச் சேர்ந்த ஓவியர் கெர்ஹார்ட் ஹைல்மன், பறவைகளின் தோற்றம் குறித்து 1926இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் வேறு முடிவுக்கு வந்தார். இருகாலில் நடந்த ஊனுண்ணிகளான தெரோபாட் டைனோசர்கள் எலும்புக்கு எலும்பு பறவைகளை ஒத்திருப்பதை அவரே விரிவாகக் காட்டியபோதிலும், அவற்றுக்குக் காறை எலும்பு இல்லை என்று கருதியதாலும், பரிணாமத்தில் ஒருமுறை இழந்த உறுப்பு திரும்பி வராது என்ற டொல்லோவின் விதியை ஏற்றதாலும், பறவைகளின் மூதாதையை அவற்றினும் பழைய ஊர்வனவற்றிடையே தேடினார். கைக்கொண்ட சான்றுகளின் அளவில் அது நேர்மையான முடிவே.

ஆனால், சான்று அப்போதே அச்சேறியிருந்தது. மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் கிடைத்த ஓவிராப்டரை 1924இல் விவரித்த ஹென்றி ஆஸ்பார்ன், அதன் கவை எலும்பைக் காறைகளுக்கு இடையிலுள்ள வேறோர் எலும்பாகக் குறித்துவிட்டார். அது கவை எலும்பே என்பதை மங்கோலிய ஆய்வாளர் பார்ஸ்போல்ட் 1983இல் தெளிவுபடுத்தினார்.

இதற்கிடையே, அமெரிக்காவின் மான்டானாவில் 1964இல் டைனோனிகஸைக் கண்டெடுத்த ஜான் ஆஸ்ட்ரம், அதன் மணிக்கட்டில் பிறை வடிவ எலும்பு ஒன்று இருப்பதையும், அதனால் கையைப் பறவை சிறகு மடக்குவதுபோலப் பக்கவாட்டில் மடக்க முடிந்ததையும், ஆர்க்கியோப்டெரிக்ஸிலும் அதே அமைப்பு இருப்பதையும் கண்டு, ஹக்ஸ்லியின் கருத்துக்கு வலுவான அடித்தளமிட்டார். 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து அறிவிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் உடலெங்கும் மெல்லிய இழைகளைத் தாங்கியிருந்தது. அவ்விழைகளில் எஞ்சியிருந்த நிறமித் துகள்களை ஆராய்ந்தோர், அதன் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என 2010இல் நிறுவினர்.

ஐயம் நீங்கிய பின் பழைய புதைபடிவங்கள் மறுபடியும் புரட்டிப் பார்க்கப்பட்டன. வெலாசிராப்டர், டைரனோசாரஸ் ஆகியவற்றில் மட்டுமன்றி, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் நியூ மெக்சிகோவில் வாழ்ந்த சீலோஃபிசிஸிலும் கவை எலும்பு அறியப்பட்டது. ஆர்க்கியோப்டெரிக்ஸோ சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. ஆகவே பறத்தலுக்கென்றே அமைந்ததாக எண்ணப்பட்ட இவ்வெலும்பு, நிலத்தில் ஓடி இரை பிடித்த விலங்குகளின் தோளில், பறத்தல் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே உருவாகியிருந்தது.