ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும்: இரண்டு சந்திப்புகளின் கதை

ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் இடையிலுள்ள சமவெளியில் சில மைல் இடைவெளியில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஜோலார்பேட்டையை எல்லோருக்கும் தெரியும். அடுத்துள்ள திருப்பத்தூரும் ஒரு காலத்தில் சந்திப்பாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பாதை 1860களின் தொடக்கத்தில் இப்பகுதியைக் கடந்தது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. இரண்டுமே 5 அடி 6 அங்குல அகலப் பாதை. எனவே சரக்கு வண்டியை இன்ஜின் மாற்றி அப்படியே அடுத்த பாதைக்கு அனுப்பிவிடலாம்.

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் திறந்த கிளை வேறு வகை. அகலம் 2 அடி 6 அங்குலம்தான். மறு ஆண்டே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் அதே அளவில் ஒன்று போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது.

இவை லாபத்துக்காகப் போட்டவை அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தானியம் துறைமுகத்தில் வந்து இறங்கியும், உள்ளூர்களுக்குப் போய்ச் சேர வழியில்லாமல் ஜனங்கள் மடிந்தார்கள். வறண்ட பகுதிகளுக்கு ரயில் வேண்டும் என்று 1880-இல் பஞ்சக் கமிஷன் சொன்னது. பணம் குறைவு என்பதால் பாதையும் குறுகியது.

சிக்கல் சந்திப்பில்தான். பெரிய வண்டி சின்னத் தண்டவாளத்தில் ஏறாது. இப்படிப்பட்ட இடங்களில் இரு பாதைகளையும் பக்கம் பக்கமாகக் கொண்டுவந்து, நடுவே மேடை கட்டி, மூட்டைகளை ஆட்கள் முதுகில் சுமந்து மாற்றுவார்கள். கூலி, தாமதம், சேதாரம் மூன்றும் சேரும். இருபத்தைந்து மைல் தூரத்துக்கு இரண்டு முறை ஏற்றி இறக்குவதைவிட, வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும் லாரி சௌகரியமாகிவிட்டது. 1940களின் தொடக்கத்திற்குள் இரண்டு பாதைகளும் மூடப்பட்டுவிட்டன.

தருமபுரிக்குப் பிறகு சேலம்–பெங்களூர் பாதை வந்தது. கிருஷ்ணகிரியோ மாவட்டத் தலைநகராகியும் ரயிலுக்காக இன்னும் காத்திருக்கிறது. மொரப்பூர்–தருமபுரி பாதையை மீண்டும் போட ஒப்புதல் தந்திருக்கிறார்கள். இம்முறை அகலப் பாதை.

அன்று பாதை போடும்போது மிச்சம் பிடித்த பணத்தை, பிறகு சந்திப்பில் மூட்டைக்கு மூட்டை கொடுத்துத் தீர்த்தோம். கட்டும் செலவை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் திருப்பத்தூரை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.